கரை வீடு, குளத்து வீடு

ஜூன் 30, திங்கள், காலை 6.40.
வீடுகள் 23. விரிசல்கள் 46. நீ போய் இன்றோடு 61 நாள்.

அன்புள்ள லேப்காரிக்கு,

மேலே உள்ள மூன்று எண்களில் முதல் இரண்டும் அலுவலகத்துக்கு. மூன்றாவது உனக்கு.

போனில் பேசினால் நான் குறுக்கே விழுந்து விழுந்து பேசுகிறேன், அதனால் ஆறு மாதம் கடிதம் மட்டும், திரும்பி வருவதா இல்லையா என்று அக்டோபர் கடைசியில் சொல்கிறேன் என்றாய். சரி. கடிதத்தில் குறுக்கே பேச முடியாதுதான். ஆனால் குறுக்கே பேசுவதற்கு நீ ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். இரண்டு மாதமாக உன் அக்கா வீட்டிலிருந்து ஒரு வரி இல்லை. நானே ஆரம்பிக்கிறேன்.

மாற்றல் வந்து மூன்று வாரம் ஆகிறது. வேலை இதுதான்: ஊரின் பழைய பகுதியில் ஒரு தெருவுக்கு அடியில் கழிவுநீர்க் குழாய் பதிக்கப் போகிறார்கள். தோண்டினால் எந்த வீடு தாங்கும், எது தாங்காது என்று நான் எழுதித் தர வேண்டும். எல்லா வீட்டிலும் விரிசல் இருக்கிறது. நின்றுபோன விரிசல் என்றால் பூசிவிட்டு அவர்கள் பாட்டுக்கு இருக்கலாம். இன்னும் ஓடுகிற விரிசல் என்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

ஓடுகிறதா நின்றதா என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. விரல் நீளத்துக்குக் கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து, விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் சாந்து பூசி ஒட்டுவது. மேலே தேதி. சுவர் மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி பட்டென்று உடைந்துவிடும். கண்ணாடி பொய் சொல்லாது. நாற்பத்தாறு விரிசலிலும் ஒட்டிவிட்டேன். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணிக்குப் போய்ப் பார்ப்பேன்.

படிவத்தில் ‘கட்டடத்தின் வரலாறு’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. எந்த மகானுபாவன் வைத்தானோ. இரண்டு விரல் அகலம்தான். இருபத்துமூன்று வீட்டுக்கும் ‘தெரியவில்லை’ என்று எழுதிவிட்டேன். அலுவலகக் கோப்பில் எழுபது வருஷத்துக்கு முன் காலிமனை என்று இருக்கிறது. அது போதும்.

தெருக்கோடியில் ஒரு மாடி அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி. சட்டையை நாற்காலியில் மாட்டினால் நான் கட்டிலில் உட்கார வேண்டும். தெருவில் யாரும் என்னிடம் பேசுவதில்லை. நான் வருவதைப் பார்த்தால் டீக்கடையில்கூடப் பேச்சு நின்றுவிடுகிறது. சாயங்காலம் ஐந்தரைக்கு யாராவது ஒருவரிடம் “இங்க கையெழுத்துப் போடுங்க” என்று சொல்கிறேன். அதற்குப் பிறகு மறுநாள் காலை வரை வாயைத் திறக்க வேலை இல்லை.

மின்னஞ்சல் விஷயத்தை மறுபடி விளக்கப் போவதில்லை. உனக்கு வேறு ஊரில் ஓராண்டுப் பயிற்சிக்கு இடம் வந்தது. எனக்கு மாற்றல் வரும் என்று தெரியும். இரண்டும் ஒன்றாக நடந்தால் எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை. உன் கைப்பேசியிலிருந்து ‘வர இயலாத நிலை’ என்று பதில் போட்டேன். உன்னிடம் சொல்லாதது தப்பு. கணக்கு தப்பில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். இடது தோள்வலி எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
உன் கணவன் (இன்னும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்)

●

ஜூலை 11

பொறியாளர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. தோள்வலி பரவாயில்லை.

அக்கா உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டு, “என்னடி இது, டெண்டர் நோட்டீஸ் மாதிரி இருக்கு” என்றாள். மாமா சிரித்தார். பிறகு நான் கேட்காமலேயே இரண்டு பேரும் எழுந்து அடுத்த அறைக்குப் போனார்கள். இந்த வீட்டில் எல்லாரும் எனக்கு மிகவும் இடம் கொடுக்கிறார்கள். நான் உள்ளே வந்தால் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைக்கிறார்கள். இருமினால்கூட மன்னிப்புக் கேட்கிறார்கள். உங்கள் தெருவும் எங்கள் வீடும் ஒன்றுதான் போலிருக்கிறது.

இங்கே ஒரு சின்ன ஆய்வகத்தில் தற்காலிகமாக வேலை. காலையில் முப்பது இரத்த மாதிரி, மதியத்துக்கு மேல் முப்பது.

நாற்பத்தாறு விரிசலின் நீளம், அகலம் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அந்த வீடுகளில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு வரி இல்லை. இருபத்துமூன்று ‘தெரியவில்லை’யா? ஒருத்தரையாவது கேட்டுப் பார்த்தீர்களா?

மின்னஞ்சல் பற்றி நீங்கள் விளக்க வேண்டாம் என்று முடிவுசெய்தது நல்லது. அதற்கு முன் ஒன்பது தடவை விளக்கிவிட்டீர்கள்.

இப்படிக்கு,
நான்

●

ஆகஸ்டு 31, ஞாயிறு

அன்புள்ள உனக்கு,

நீ என்னை ‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். கல்லூரி முதல் வருஷத்திலிருந்து ‘நீ, வா, போ, லூசு’தான். பத்து வருஷத்தில் இது முதல் தடவை. கவனித்தேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். புகார் இல்லை. புகார்தான்.

நீ கேட்டதற்காக இரண்டு பேரைப் பற்றி எழுதுகிறேன்.

ஒன்பதாம் எண் வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர். மனைவி இல்லை, மகள் வெளியூரில். வாசலில் நின்றுகொண்டு தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் “உள்ள போ, உள்ள போ, வழில நிக்காத” என்று விரட்டுவார். போன வாரம் என்னைப் பார்த்து, “என்ன தம்பி, எங்க வீட்டுச் சுவத்துக்கு ஜுரம் எவ்வளவு?” என்றார். நான் “அசைவு பூஜ்யம்” என்றேன். “நம்ம வீடு கரை வீடாச்சே. எப்படி அசையும்?” என்று மீசையைத் தடவிக்கொண்டார். கரை வீடு என்றால் என்ன என்று கேட்கலாம் என்று நினைத்தேன். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது.

பதினாலாம் எண்ணில் படச்சட்டக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. நடத்துவது ஒரு பெண், நாற்பத்தைந்து வயது இருக்கும். தெருவே ‘சட்டக்கார அக்கா’ என்று கூப்பிடுகிறது. வாயில் இரண்டு ஆணியைக் கடித்துக்கொண்டேதான் பேசுவாள். நான் சட்டைப்பையில் டேப்பும் பேனாவும் டார்ச்சும் வைத்திருப்பதைப் பார்த்து, “ஏன் சார், பையில பாதிக் கடை இருக்கே, வீட்ல யாரும் இல்லயா?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

இப்போது நல்ல செய்தி. ஜூலை, ஆகஸ்டு இரண்டு மாதமும் பேய் மழை. தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். ஐந்து தடவை போய்ப் பார்த்துவிட்டேன். நாற்பத்தாறு கண்ணாடியில் ஒன்றுகூட உடையவில்லை. ‘எந்த வீட்டிலும் அசைவில்லை’ என்று இடைக்கால அறிக்கை அனுப்பிவிட்டேன். மேலதிகாரி போனில், “இவ்வளவு சுத்தமா ஒரு ரிப்போர்ட் நான் பார்த்ததே இல்ல” என்றார். தெருவில் ஒருவரும் காலி செய்ய வேண்டியதில்லை. நவம்பரில் தோண்ட ஆரம்பிப்பார்கள்.

சந்தோஷமாக இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அறைக்கு வந்து நாற்காலியிலிருந்து சட்டையை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அவ்வளவுதான்.

வரலாற்றுக் கட்டம் இன்னும் ‘தெரியவில்லை’யில்தான் இருக்கிறது. இனி அது தேவையும் இல்லை.

இப்படிக்கு,
லூசு

●

செப்டம்பர் 9

அன்புள்ள உங்களுக்கு,

அறிக்கையைப் பாராட்டினார்கள் என்று கேட்டுச் சந்தோஷம்.

ஒன்று சொல்லட்டுமா, கோபப்படாமல் படியுங்கள். எங்கள் ஆய்வகத்தில் முப்பது பேருடைய இரத்தமும் ஒரே மாதிரி விடை தந்தால், முப்பது பேரும் நலம் என்று எழுத மாட்டோம். கருவியைத்தான் முதலில் சந்தேகப்படுவோம். மழை பெய்தால் இந்த வீட்டுக் குளியலறைக் கதவே உப்பிக்கொண்டு மூட மாட்டேன் என்கிறது. மாமா தினம் தோளால் இடிக்கிறார். உங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்று வடிந்திருக்கிறது. நாற்பத்தாறில் ஒன்றுகூடவா உடையாது? நல்ல கண்ணாடிதானா அது? ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அந்த அக்கா கேட்டதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று நானும் யோசித்தேன். எனக்கும் வரவில்லை.

நான் மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன். இது ஓராண்டு அல்ல, இரண்டு ஆண்டு. போன தடவையைவிடத் தூரம். நேர்முகம் முடிந்துவிட்டது. என் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். குத்திக்காட்டச் சொல்லவில்லை. மாற்றிய பிறகும் பழையதையே மூன்று தடவை தட்டினேன், அதனால் சொல்கிறேன்.

இப்படிக்கு,
நான்

●

செப்டம்பர் 20, சனி, மதியம் 2.15.
உண்மையான கண்ணாடிகள் 29. போலிக் கண்ணாடிகள் 17.

உனக்கு,

நீ சொன்னது சரி. கருவி கெட்டுப்போயிருக்கிறது. கெடுத்திருக்கிறார்கள்.

உன் கடிதம் வந்த மறுநாளே, என் சனிக்கிழமைக்குக் காத்திராமல், தடிமன் அளக்கிற கருவியை எடுத்துக்கொண்டு போனேன். நான் ஒட்டியது எல்லாம் அலுவலகம் கொடுத்த கண்ணாடி, மூன்று மில்லிமீட்டர். கண்டக்டர் வீட்டில் அளந்தால் இரண்டு. பக்கத்து வீட்டில் இரண்டு. தேதி என் எழுத்து மாதிரியே இருக்கிறது, மை மாதிரியே இருக்கிறது, சாந்தைக்கூட என்னைப் போலவே கட்டைவிரலால் அழுத்தியிருக்கிறார்கள். பதினோரு வீடு, பதினேழு துண்டு. இரண்டு மில்லிமீட்டர்க் கண்ணாடி இந்தத் தெருவில் யாரிடம் இருக்கும்? படத்துக்குச் சட்டம் போடுகிறவளிடம்.

உடைய உடைய மாற்றியிருக்கிறார்கள். நான் வருகிற சனிக்கிழமை, மணி பத்து, எல்லாருக்கும் மனப்பாடம். வெள்ளிக்கிழமையே வேலை முடிந்துவிடுமாம். நான் ஒழுங்காக இருந்தது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

கடைக்குப் போனேன். கத்தினேன். உண்மையைச் சொல்கிறேன், தெருவே கேட்கும்படி கத்தினேன்.

“இது மோசடி. அரசாங்க அளவையில கை வெச்சிருக்கீங்க.”

அவள் வாயிலிருந்த ஆணியை எடுத்துக் கீழே வைத்தாள். “கத்தாதீங்க சார். உடைஞ்சா வீட்டக் காலி பண்ணச் சொல்வீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. பதினோரு வீட்டுக்காரங்களும் வந்து நின்னாங்க. நான் வெட்டிக் குடுத்தேன்.”

“வீடு தலையில விழுந்தா?”

“அதை எங்ககிட்ட கேட்டீங்களா? வந்தீங்க, ஒட்டினீங்க, பாத்தீங்க, போனீங்க. நீங்க கேட்டதெல்லாம் கண்ணாடியத்தான். நாங்க அங்கதான் நின்னுட்டிருந்தோம்.”

கண்டக்டர் வந்து நடுவில் புகுந்தார். “விடுங்க தம்பி. எல்லாருக்கும் பயம். அதோட, கண்ணாடி உடைஞ்சா குளத்து வீடுன்னு ஆயிடுமில்ல.” இந்தக் கரை, குளம் பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல். அவரையும் ஒரு பிடி பிடித்துவிட்டேன்.

என்ன துணிச்சல் பார். என் எழுத்தில், என் தேதியில், நான் சொல்லாததை நான் சொன்னதாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஒருவனுக்குப் பதிலாக அவன் பெயரில் பதில் சொல்ல இவர்கள் யார்? அவனுக்கு நல்லது என்றே வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் நல்லது என்றே வைத்துக்கொள்வோம். அவனைக் கேட்க வேண்டாமா? என் பெயரை வைத்து நான் அறிக்கை அனுப்பியிருக்கிறேன். அதை நம்பி நவம்பரில் தோண்டுவார்கள். இரண்டு மாதம் நான் பார்த்துக்கொண்டிருந்தது பொய்யை. இதைச் செய்துவிட்டு தினமும் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். எப்படி முடிகிறது?

தெரு முழுவதையும் காலி செய்யச் சொல்லி எழுதப் போகிறேன். எது உண்மை எது பொய் என்று பிரிக்க முடியாதபோது எல்லாவற்றையும் தள்ளுவதுதான் முறை.

கோபத்தில் உன் செய்திக்குப் பதில் எழுதவில்லை. நேர்முகம் நன்றாகச் செய்திருப்பாய்.

நான்

●

செப்டம்பர் 30

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ‘ஒருவனுக்குப் பதிலாக அவன் பெயரில் பதில் சொல்ல இவர்கள் யார்’ என்பதிலிருந்து ‘எப்படி முடிகிறது’ வரைக்கும் மூன்றாவது முறையும் படித்தேன். இவ்வளவு நன்றாக என்னால் எழுதியிருக்க முடியாது. பத்தாவது விளக்கமாக இதையே வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு இடம் கிடைத்துவிட்டது. அக்டோபர் 20 அன்று சேர வேண்டும். இந்த முறை பதிலை நானே போட்டேன். நான்கு வார்த்தை. அனுப்பிவிட்டு மாடிக்குப் போய் உலர்ந்த துணியை எல்லாம் மடித்தேன். மடித்ததையே மறுபடி மடித்தேன்.

ஒரே ஒரு கேள்வி. எட்டு மாதமாகக் கேட்க நினைத்து, கேட்காமல் வைத்திருந்தது. அன்று என் கைப்பேசி சமையல் மேடையில் இருந்தது, நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வர எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் அதைக் கையில் எடுத்ததற்கும் ‘அனுப்பு’ என்று தட்டியதற்கும் நடுவில் என்ன நினைத்தீர்கள்? கணக்கு வேண்டாம். அது எனக்கு மனப்பாடம். நினைத்தது என்ன?

தெருவைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. அது உங்கள் வேலை. ஆனால் பதினோரு வீட்டுக்காரர்கள் ஒன்றாக வந்து நின்றார்கள் என்றால் அவர்களுக்கு ஏதோ தெரியும். பயந்தவர்களுக்குத்தான் எந்தச் சுவர் என்று தெரியும்.

ஆறு மாதக் கெடு முடியும்போது நான் அந்தப் புது ஊரில் இருப்பேன். திரும்பி வருவேனா என்பதற்கு அக்டோபர் கடைசியில் என்னிடம் பதில் இருக்காது. இருப்பதாக நடிக்கவும் வேண்டாம் என்று தோன்றுகிறது. அக்கா வீட்டு முகவரிக்கு 18ஆம் தேதி வரை எழுதலாம். அதற்குப் பிறகு எங்கே தங்குவேன் என்று இதில் எழுதவில்லை. மறந்து அல்ல.

ரயில் நிலையத்துக்கு வர வேண்டாம்.

இப்படிக்கு,
நான்

●

அக்டோபர் 12, ஞாயிறு, காலை 11 மணி

அன்புள்ள உனக்கு,

உன் கடிதம் வந்தபோது தெரு முழுவதையும் காலி செய்யச் சொல்லும் கடிதம் மேசையில் இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ‘எப்படி முடிகிறது’ என்று நான் எழுதியதை நீ எழுதிக் காட்டியிருந்த இடத்தில் நின்றேன். கோபம் வந்தது, முதலில் உன்மேல்தான். பிறகு அதை வைக்க இடமில்லாமல் போயிற்று.

மறுநாள் சட்டக்கார அக்காவின் கடைக்குப் போனேன். சனிக்கிழமை அல்ல, வியாழன். டேப், பேனா ஒன்றும் எடுத்துப் போகவில்லை. “எந்தெந்தச் சுவர் அசையுது, நீங்களே சொல்லுங்க” என்றேன்.

“சுவர் சுவரா சொல்லணுமா, தேதி தேதியா சொல்லணுமா?” என்றாள்.

பலகைக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தாள். உள்ளே உடைந்த கண்ணாடிகள். என்னுடைய மூன்று மில்லிமீட்டர்த் துண்டுகளும், அதற்குப் பிறகு அவள் வெட்டிக் கொடுத்து உடைந்த துண்டுகளும். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி, மேலே வீட்டு எண், எந்த அறை, உடைந்த தேதி. மொத்தம் அறுபத்தெட்டு. இந்த அளவு சுத்தமாக நான்கூட வைத்திருக்க மாட்டேன்.

“ஏன் வெச்சிருக்கீங்க?”

“தூக்கிப் போட மனசு வரல. போட்டா முழுப் பொய் ஆயிடும். யாராவது ஒருத்தர் கேட்டா எடுத்துக் குடுக்கலாம்னு இருந்தேன்.” பெட்டியை என் பக்கம் தள்ளி, “நீங்க கேப்பீங்கன்னு நினைக்கல” என்றாள்.

அன்று மாலை கடை வாசலில் பதினோரு வீட்டுக்காரர்களும் கூடினார்கள். உடைந்த துண்டுகளைத் தேதி வரிசையில் தரையில் பரப்பினேன். அப்போதுதான் நான் நான்கு மாதமாகக் கேட்க நேரமில்லாமல் இருந்த கதை வெளியே வந்தது.

கோப்பில் சொல்கிற காலிமனை எல்லாம் பொய். இந்தத் தெரு ஒரு குளம். ஆற்று வழியாக மிதக்கவிட்டுக் கொண்டுவந்த மரங்களை அறுப்பதற்கு முன் ஊறப்போடுகிற குளம். பக்கத்தில் பெரிய மரவாடி. மரவாடி மூடியதும் குளத்தை மூன்று தடவையாகத் தூர்த்திருக்கிறார்கள். உடைந்த ஓடு, சாம்பல், மண், கிடைத்தது எல்லாம். கண்டக்டருக்கு அப்போது ஆறு வயது. “நான் நின்னு பாத்தேன் தம்பி. அடியில கிடந்த மரத்த எடுக்கல. எடுக்க ஆள் கூலி யார் தர்றது? அப்படியே மூடிட்டாங்க.” கரையில் இருந்தவர்கள் முதலிலேயே வீடு கட்டியவர்கள். தூர்த்த இடத்தில் கட்டியவர்கள் பிறகு வந்தவர்கள். அன்றிலிருந்து கரை வீட்டுக்காரர்கள், குளத்து வீட்டுக்காரர்கள் என்று இரண்டு சாதி மாதிரி. பெண் கொடுப்பதுகூட யோசித்துத்தானாம். யார் வீட்டில் கண்ணாடி உடைந்தாலும் அது குளத்து வீடு என்று ஊர் அறிந்துவிடும். உயிர் பயத்துக்குச் சமமாக அதுவும் ஒரு பயம்.

தரையில் பரப்பியதைப் பார்த்ததும் குளத்தின் கரை எங்கே ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நேராக இல்லை, தெருவைக் கோணலாக வெட்டிக்கொண்டு போகிறது. கண்டக்டர் வீட்டுத் துண்டுகள் நான்கு. எல்லாம் மழைத் தேதி.

சட்டக்கார அக்கா குனிந்து பார்த்தாள். “என்ன கண்டக்டரே, கரையில நின்னுட்டு இருந்தீங்க. எப்ப வழுக்கி விழுந்தீங்க?”

“பாதி வீடுதான் குளம். மீதி கரை,” என்றார்.

“எந்தப் பாதியில தூங்குறீங்க?”

அவரே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். இந்தத் தெருவில் நான் சிரித்தது அதுதான் முதல்.

எட்டு வீடு மழைக்கு உப்பி, வெயிலுக்கு அடங்குகிற வீடு. எழுபது வருஷமாக அப்படித்தான் இருந்திருக்கிறது. காலி செய்ய வேண்டியதில்லை, குழாய்க்குத் தோண்டும்போது முட்டுக் கொடுத்தால் போதும். மூன்று வீடு அப்படி இல்லை. மழை நின்ற பிறகும் உடைந்துகொண்டே இருந்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும் இடைவெளி குறைந்துகொண்டே. அடியில் மக்கிய மரம் இருக்கும். அதில் ஒன்று பதினாலாம் எண்.

சொல்லத் திரும்பினேன். “தெரியும் சார். நானே சுத்தி வெச்ச கண்ணாடி, எனக்குத் தெரியாதா?” என்றாள். எனக்கு உடனே வாயில் வந்தது ‘ஏழு நாளில் காலி செய்யுங்கள்’ என்பதுதான். அதைச் சொல்லாமல், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றேன். ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அவள் சுவரையும் கூரையையும் பார்த்துவிட்டு, கடைச் சரக்கை முதலில் வெளியேற்ற வேண்டும், அதற்கு ஒரு மாதம் வேண்டும், அதுவரை பின்கட்டில் படுக்க மாட்டேன் என்றாள். முட்டுக் கொடுத்தால் ஒரு மாதம் நிற்கும். நான் கணக்குப் போட்டேன், கேட்ட பிறகு.

இனி உன் கேள்வி.

கைப்பேசியில் அந்த மின்னஞ்சலைத் திறந்து படித்தேன். குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நீ ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாய், பாதி வரிதான் உனக்குத் தெரியும், அதையே திருப்பித் திருப்பி. ஒரு வருஷம் இந்தச் சத்தம் இருக்காது என்று நினைத்தேன். சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால் உள்ளே எப்படி இருக்கும் என்று நினைத்தேன். பயமாக இருந்தது. அதற்குப் பிறகு தட்டினேன்.

கணக்கை மறுநாள்தான் போட்டேன். உன்னிடம் ஒன்பது தடவை விளக்கியது அதை. முதலில் வந்தது கணக்கு என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

நான் பயந்த அதே அறையில்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். ஊர்தான் வேறு. நானே செய்துகொண்டது.

நீ எடுத்த முடிவு சரி என்று சொல்ல நான் ஆள் இல்லை. சந்தோஷப்படுகிறேன் என்று எழுதினால் பொய். உனக்கு இடம் கிடைத்ததில் பெருமை. அது பொய்யில்லை.

இனி செய்யப் போவது:

1. நாளை காலை மேலதிகாரியிடம் போய் ஆகஸ்டு அறிக்கை தவறு என்று எழுதிக் கொடுப்பேன். யார் கண்ணாடியை மாற்றினார்கள் என்று கேட்பார். வருகிற நாளையும் நேரத்தையும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு அளந்தது நான் என்று சொல்வேன்.

2. மூன்று வீடும் காலியாகி, எட்டு வீட்டுக்கும் முட்டுக் கொடுக்கும் வரை தோண்டக் கூடாது என்று எழுதுவேன். கேட்கவில்லை என்றால் மறுபடி எழுதுவேன்.

3. பதினாலாம் எண் கடையிலிருந்து கண்ணாடி வெளியேறும்போது கூடவே நின்று தூக்குவேன். ‘உடைச்சா தொலைச்சுடுவேன்’ என்று இப்போதே சொல்லியிருக்கிறாள்.

4. இருபத்துமூன்று வீட்டின் வரலாற்றுக் கட்டத்தையும் நிரப்புவேன். இடம் போதாது. தனித்தாள் வைப்பேன். எழுதியதை அந்தந்த வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டி, சரியா என்று கேட்டு, பிறகுதான் கொடுப்பேன்.

5. 18ஆம் தேதி ரயில் நிலையத்துக்கு வர மாட்டேன். அன்று விடுப்பும் எடுக்க மாட்டேன். எடுத்தால் வந்துவிடுவேன்.

6. நீ சேரும் இடத்தின் பெயர் எனக்குத் தெரியும். அங்கே ஒரு போன் போட்டால் உன் முகவரி ஐந்து நிமிஷத்தில் கிடைக்கும். போட மாட்டேன். உன் அக்காவிடமும் கேட்க மாட்டேன்.

7. ஞாயிற்றுக்கிழமைதோறும் உனக்கு எழுதுவேன். பதிலை எதிர்பார்க்காமல் எழுதுவேன் என்று சொல்ல மாட்டேன், எதிர்பார்ப்பேன். உறையில் முகவரி எழுதும் இடத்தைக் காலியாக விட்டுவைப்பேன்.